நம் பெயரில் ஓர் இணைய முகவரி

அண்ணல் அம்பேத்கரை நாம் சட்ட மேதையாக அறிவோம், தலைவராக அறிவோம். அவர் ஒரு சிறுதொழிலும் தொடங்கினார் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் நாடு திரும்பியவர், பரோடா அரசுப் பணியில் சாதிக் கொடுமையால் தங்க வீடு கூடக் கிடைக்காமல் பம்பாய்க்கு வந்தார். அங்கே முதலீடு குறித்து ஆலோசனை சொல்லும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பொருளாதாரத்தில் அவருக்கு இருந்த படிப்பு அன்றைய பம்பாயில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? ஆனாலும் தொழில் நிலைக்கவில்லை. ஆலோசனை சொல்பவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

சரக்கு நன்றாக இருந்தும் விற்பவரின் சாதி பார்த்து வாங்குபவர் திரும்பிப் போவதுதான் தலித் தொழில்முனைவோரின் முதல் சிக்கல். முதலீடு, கடன், மானியம் எல்லாம் அதற்குப் பிறகுதான். இன்று கையில் செல்பேசி இருக்கிறது, இணையம் இருக்கிறது. ஒரு சிறுதொழிலுக்குச் சொந்தமாக ஓர் இணையதளம் அமைத்துக்கொள்ளப் பெரிய செலவும் இல்லை. அது இந்தச் சிக்கலை எந்த அளவுக்குத் தீர்க்கும், எங்கே கைவிடும் என்பதை நம் வட்டாரத்தை வைத்தே பார்ப்போம்.

கூட்டம் இருக்கிறது, கடை எங்கே?

காரைக்குடி - திருப்பத்தூர் சாலையில் பிள்ளையார்பட்டிக்கு நாள் தவறாமல் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். ஆவணியில் சதுர்த்தி வந்தால் கேட்கவே வேண்டாம். குடைவரைப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. முறுக்கும் சீடையும் வாங்குகிறார்கள். கொட்டான் வாங்குகிறார்கள். கண்டாங்கிச் சேலையும் ஆத்தங்குடிக் கல்லும் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார்கள். செட்டிநாடு என்ற பெயருக்கே ஒரு விலை இருக்கிறது.

அந்த விலையில் நம் மக்களுக்கு எவ்வளவு வருகிறது? கோயில் ஊர்களில் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் ஒரு கடை பிடிக்க முன்பணம் வேண்டும், தெரிந்தவர் வேண்டும், பக்கத்துக் கடைக்காரர் சம்மதம் வேண்டும். சுற்றுக் கிராமங்களில் உள்ள நம் பிள்ளைகளுக்கு இந்த மூன்றும் ஒன்றாக அமைவது அரிது. அதனால் பெரும்பாலும் கூலிக்குச் செய்து கொடுக்கிறோம். இன்னொருவர் பெயர் ஒட்டிய பையில் அது விற்கிறது.

இது நேற்று வந்த நிலையல்ல. அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இன்றைய சிவகங்கை மாவட்டமும் இருந்தது. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர்களுக்கு எதிராக எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. பொன், வெள்ளி நகை அணியக்கூடாது. சட்டை போடக்கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. மறு ஆண்டு ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக்கூடாது, மாடு மேய்க்க வேண்டும் என்பதும், சொந்த நிலத்தைக் குறைந்த விலைக்கு விட்டுவிட வேண்டும் என்பதும் அவற்றில் இருந்தன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே.எச்.ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

இந்தப் பட்டியலைக் கூர்ந்து பாருங்கள். படிப்பு, சொத்து, நல்ல உடை, நல்ல பாத்திரம் என்று ஒருவன் சந்தையில் சமமாக வந்து நிற்பதற்குத் தேவையான எல்லாவற்றையும் குறிவைத்துத் தடுத்திருக்கிறார்கள். நம் பாட்டன், பாட்டிக்குக் கடை வைக்கும் பழக்கம் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

பெயரை மறைக்காமல் ஒரு கடை

சந்தைக்கு நேராகவே சவால் விட்ட ஓர் இணையக் கடையின் கதையை இங்கே சொல்ல வேண்டும். சந்திரபான் பிரசாத் தலித் சிந்தனையாளர். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் படித்தவர். ‘தி பயனியர்’ நாளிதழில் ‘தலித் டைரி’ என்ற பத்தியை எழுதியவர். அவர் 2016இல் ஓர் இணையதளம் தொடங்கினார். விற்ற பொருள்கள் சாதாரணமானவை: மாங்காய் ஊறுகாய், மஞ்சள்தூள், மல்லித்தூள், மிளகாய்த்தூள், பார்லி மாவு. கடைக்கு வைத்த பெயர்தான் சாதாரணமானதல்ல. ‘தலித் ஃபுட்ஸ்’.

உணவில்தான் தீண்டாமை மிக ஆழமாக இருக்கிறது. நம் மாநிலத்திலேயே 2023இல் பள்ளிக் காலை உணவுத் திட்டத்தில் தலித் பெண் சமைத்ததை எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் பெற்றோர் சிலர் தடுத்தார்கள். எட்டயபுரம் அருகே உசிலம்பட்டிப் பள்ளிக்குக் கனிமொழி எம்.பி. நேரில் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து சாப்பிட்ட பிறகே பேச்சு அடங்கியது. இப்படிப்பட்ட நாட்டில் ஊறுகாய்ப் புட்டியில் ‘தலித்’ என்று அச்சிட்டு விற்பது ஒரு சோதனை. தலித் கை பட்ட உணவைத் தெரிந்தே வாங்க ஆள் இருக்கிறார்களா என்று சந்தையையே கேட்டுப் பார்க்கிற சோதனை.

நம் தமிழ் மண்ணுக்கு இது புதிதல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ஓர் இதழ் தொடங்கியபோது அதற்கு ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். நான்கு பக்க மாத இதழ்தான். எந்தச் சொல்லைச் சொல்லி இழிவு செய்தார்களோ அதையே தலைப்பில் ஏற்றினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். பிறர் பத்திரிகையில் இடம் கேட்டுக் காத்திராமல் சொந்தமாக ஒரு தாளை அச்சடித்த முன்னோர் வழியில் வந்தவர்களுக்கு, சொந்தமாக ஓர் இணையப் பக்கம் வைப்பது அடுத்த படிதான்.

எல்லோரும் இப்படிப் பெயர் வைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஊறுகாய் விற்று வீட்டு வாடகை கட்ட வேண்டிய ஒரு பெண்ணிடம் போராட்டத்தையும் சேர்த்துச் சுமக்கச் சொல்வது நியாயமாகாது. பெயரைச் சொல்வதும் சொல்லாததும் தொழில் செய்பவரின் உரிமை. அந்த முடிவு மற்றவர் கையில் இருக்கக்கூடாது என்பதே நம் வாதம்.

தளம் அமைப்பது எப்படி?

உலகளாவிய வலை என்ற தொழில்நுட்பத்தை உருவாக்கிய ஐரோப்பிய ஆய்வு நிறுவனமான செர்ன், 1993 ஏப்ரல் 30 அன்று அதை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அதனால்தான் இன்று ஒரு கிராமத்துக் கல்லூரி மாணவி யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு தளம் திறக்க முடிகிறது. செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் முகவரி. இதை டொமைன் என்பார்கள். டாட் இன், டாட் காம் என்று முடியும் பெயர்கள் ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குள் கிடைக்கும். முதல் ஆண்டு மலிவாகக் கொடுத்துவிட்டு இரண்டாம் ஆண்டு விலையைக் கூட்டுவார்கள். புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்று முன்பே பாருங்கள். பெயர் சிறியதாக, போனில் சொன்னால் பிழையில்லாமல் எழுதக்கூடியதாக இருக்கட்டும்.

இதில் ஒரு எச்சரிக்கை. தெரிந்த கம்ப்யூட்டர் சென்டரில் சொன்னால் அவர்களே பதிந்து கொடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் முகவரி அவர்கள் மின்னஞ்சலில், அவர்கள் பெயரில் இருக்கும். நாளை மனஸ்தாபம் வந்தால் பெயர் போய்விடும். உழுதவன் ஒருவன், பட்டா இன்னொருவன் பெயரில் என்ற பழைய கதையை இணையத்திலும் தொடர விடாதீர்கள். உதவி யாரிடம் பெற்றாலும் பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கடவுச்சொல்லில் இருக்க வேண்டும்.

சொந்த முகவரி எதற்கு, இலவசமாகவே கிடைக்கிறதே என்று சிலர் கேட்கலாம். கூகுள் நிறுவனம் சிறு வணிகர்களுக்கு இலவசமாக ஒரு பக்கத் தளம் அமைத்துக் கொடுத்துவந்தது. 2024 மார்ச்சில் அந்தச் சேவையை மூடிவிட்டது. அந்த முகவரியை நோட்டீசிலும் பையிலும் அச்சடித்தவர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கங்களும் அப்படித்தான். அவை பிறர் வீட்டுத் திண்ணை; உட்காரலாம், குடியிருக்க முடியாது. சொந்த டொமைன் இருந்தால், தளத்தை எந்த நிறுவனத்தின் கணினியில் வைத்தாலும் முகவரி மாறாது.

இரண்டாவது, தளத்தைக் கட்டுவது. 2003இலிருந்து இருக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருள் இலவசம்; அதை வைத்து நடத்த ஹோஸ்டிங் என்ற இடவாடகை மட்டும் வேண்டும். பத்துப் பொருள் மட்டும் விற்பவருக்கு அதுகூடத் தேவையில்லை. எச்டிஎம்எல் படித்த ஒரு மாணவர் ஒரே பக்கத்தைக் கையால் எழுதி, கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடத்தில் ஏற்றி, அதைச் சொந்த டொமைனோடு இணைத்துவிடலாம். உலாவியில் முகவரி https என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். அந்தப் பாதுகாப்புச் சான்றிதழும் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது.

மூன்றாவது, பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? என்ன பொருள், எவ்வளவு எடை, என்ன விலை, அனுப்ப எவ்வளவு, எத்தனை நாளில் வரும், எத்தனை நாள் கெடாமல் இருக்கும், உடைந்து வந்தால் என்ன செய்வீர்கள், யாரை அழைக்க வேண்டும். இவ்வளவுதான். ‘விலைக்கு அழைக்கவும்’ என்று எழுதாதீர்கள். விலையை எழுதி வைத்தால், ஆள் பார்த்து அடித்துப் பேச முடியாது. படம் காலை வெளிச்சத்தில் வாசலில் வைத்து எடுத்தாலே போதும். ஆனால் செல்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாமல் அளவைக் குறைத்து ஏற்றுங்கள். சிக்னல் குறைந்த ஊரில் பக்கம் திறக்கவில்லை என்றால் வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார்.

தமிழில் எழுதும்போது யூனிகோட் எழுத்தில் தட்டுங்கள். நோட்டீஸ் அச்சடிக்கும் கடைகளில் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டுகிறார்கள். அதை அப்படியே தளத்தில் ஒட்டினால் தேடுபொறிக்குப் புரியாது. ஊர்ப் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதி வையுங்கள். மக்கள் இரண்டு விதமாகவும் தேடுவார்கள்.

நான்காவது, பணமும் ஆர்டரும். தொடக்கத்திலேயே பெரிய கட்டண வசதி எதுவும் வேண்டாம். வாட்ஸ்அப் பிசினஸ் எண்ணுக்கு ஒரு பொத்தான், யுபிஐ கியூஆர் ஒன்று இருந்தால் விற்பனை தொடங்கிவிடலாம். தொழிலுக்குத் தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாளை கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது அந்தக் கணக்கின் வரவுதான் உங்களுக்காகப் பேசும். பணம் அனுப்புகிறேன் என்று கியூஆர் அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னால் அது மோசடி. பணம் வாங்க யாரும் பின் எண் போட வேண்டியதில்லை.

ஐந்தாவது, காகிதங்கள். உத்யம் பதிவு முற்றிலும் இலவசம்; பணம் கேட்கும் தளங்கள் அரசுத் தளங்கள் அல்ல. உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் கட்டாயம். வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்பினால், விற்பனை குறைவாக இருந்தாலும் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு வேண்டும். சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் வரம்புக்குட்பட்ட விலக்கு உண்டு. தளம் வைத்தால் பெங்களூரிலிருந்தும் ஆர்டர் வரும் என்பதால் இதை முன்கூட்டியே ஒரு கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள். கண்டாங்கிச் சேலை 2019இல் புவிசார் குறியீடு பெற்றது; செட்டிநாடு கொட்டானும் பெற்றிருக்கிறது. இவற்றைச் செய்பவர்கள் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகத் தாங்களே விண்ணப்பிக்கலாம். கூலிக்கு முடைபவர் தயாரிப்பாளராக மாற இது ஒரு வழி.

முகவரியில் இருக்கும் ஒரு சொல்

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலிருந்து வளர்ந்த நல்ல வழக்கம் அது. ஆனாலும் “எந்த ஊருப்பா? எந்தத் தெரு?” என்ற இரண்டே கேள்வியில் சாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இணையதளத்திலும் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. பொட்டலப் பொருள்களில் தயாரிப்பாளரின் பெயரும் முழு முகவரியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். இணைய வணிகம் குறித்த 2020ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகளும் விற்பவர் தன் முகவரியைக் காட்ட வேண்டும் என்கின்றன. அந்த முகவரியில் ‘காலனி’ என்ற சொல் இருந்தால்?

இந்தக் கவலை வெறும் கற்பனையல்ல. ஒரே தகுதி, வேறு வேறு பெயர்கள் என்று வேலை விண்ணப்பங்களை அனுப்பி சுக்தேவ் தோரட்டும் பால் அட்வெலும் ஓர் ஆய்வு செய்தார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வில், உயர்சாதிப் பெயருக்கு இருந்த வாய்ப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்கு இருந்தது. பெயருக்கே இப்படியென்றால் தெருப் பெயருக்கும் ஒரு விலை இருக்கத்தான் செய்யும்.

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். அறிவிப்பு வந்ததோடு நின்றுவிடக்கூடாது. உங்கள் தெருப் பெயர் மாறியிருந்தால், உத்யம் பதிவு, உணவுப் பதிவு, வங்கிக் கணக்கு, தளம் நான்கிலும் புதிய பெயரையே பதியுங்கள். மாறாமல் இருந்தால் ஊராட்சியில் மனு கொடுங்கள். தொழில் தொடங்கும் பிள்ளைகளின் பிழைப்போடு சேர்ந்த விஷயம் இது.

சாதியைச் சொல்லியே ஆக வேண்டிய இடமும் ஒன்று உண்டு. உத்யம் படிவத்தில் சமூகப் பிரிவைக் கேட்பார்கள். அங்கே தயங்காதீர்கள். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் கொள்முதலில் 4 சதவீதத்தை எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்ற கொள்கை இருக்கிறது. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். சிறு தொகைக்குத் தாட்கோ இருக்கிறது. ஆனால் உத்யம் சான்றிதழைப் படமெடுத்துத் தளத்தில் போடாதீர்கள். சமூகப் பிரிவு முதல் செல்பேசி எண் வரை அதில் இருக்கிறது. பதிவு எண்ணை மட்டும் எழுதினால் போதும்.

நிபந்தனை போடும் உரிமை

பொருள் விற்பவருக்கு மட்டும்தான் இணையதளம் என்று நினைக்க வேண்டாம். ஒரு பறையிசைக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது பறை உலகமே மகிழ்ந்தது. ஆனால் ஊருக்குள் இன்றும் பல குழுக்களை அழைக்கும் முறை மாறவில்லை. ஆள் அனுப்புவது, கொடுப்பதை வாங்கிக்கொள்ளச் சொல்வது, சாவு வீட்டில் கட்டாயப்படுத்துவது எல்லாம் தொடர்கின்றன.

அந்தக் குழுவுக்கு ஒரு பக்கத் தளம் இருந்தால்? நிகழ்ச்சிக்கு இவ்வளவு, எத்தனை கலைஞர், எவ்வளவு நேரம், பாதித் தொகை முன்பணம், போக்குவரத்தும் உணவும் அழைப்பவர் பொறுப்பு, எந்தெந்த நிகழ்ச்சிக்கு வாசிப்போம், எதற்கு வாசிக்க மாட்டோம் என்று எல்லாம் அதில் எழுத்தில் இருக்கும். நேருக்கு நேர் சொல்லத் தயங்குவதை அந்தப் பக்கம் சொல்லிவிடும். ஏவலுக்கு வரும் ஆள் என்ற நிலை மாறி, ஒப்பந்தம் போடும் கலைஞர் என்ற நிலை வருவதற்கு அது ஒரு தொடக்கம்.

இணையதளம் எதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தளம் திறந்த மறுநாளே யாரும் வந்து குவிய மாட்டார்கள். கூகுள் வரைபடத்தில் கடையைச் சேர்ப்பது, பையில் முகவரியை அச்சடிப்பது, வாங்கியவரிடம் இரண்டு வரிக் கருத்து கேட்பது என்று மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். அழைப்பை எடுக்காமல் விட்டால், சொன்ன நாளில் அனுப்பாமல் விட்டால், தளம் வெறும் பலகைதான். சாதி பார்ப்பவரின் மனத்தையும் அது மாற்றாது. ஆனால் பக்கத்துத் தெருவில் ஒருவர் வாங்க மறுத்தால், கோயம்புத்தூரில், சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் வாங்கலாம் என்ற வழியைத் திறந்துவிடுகிறது. அம்பேத்கருக்கு அன்று பம்பாய் வாடிக்கையாளர்கள் விலகியதும் வேறு சந்தை இல்லை. நமக்கு இருக்கிறது.

அழகப்பா பல்கலைக்கழகத்திலும் காரைக்குடி, திருப்பத்தூர் கல்லூரிகளிலும் கணினி படிக்கும் நம் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செய்முறைத் தேர்வுக்காக யாரோ ஒரு கற்பனை நிறுவனத்துக்குத் தளம் அமைத்துக் காட்டுகிறீர்கள். அதை உங்கள் தெருவில் முறுக்கு சுடும் அத்தைக்கோ, தையல் கடை வைத்திருக்கும் அக்காவுக்கோ, பறை அடிக்கும் சித்தப்பாவுக்கோ அமைத்துக் கொடுங்கள். மதிப்பெண்ணும் கிடைக்கும், ஒரு குடும்பத்துக்கு ஒரு முகவரியும் கிடைக்கும். கொடுக்கும்போது மறக்காமல் கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.